ஆணி விற்றவர் கட்டிய நூலகம்

வாஷிங்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பால்டிமோர். வருகிறவர்களில் பலர் துறைமுகத்தைச் சுற்றிவிட்டு, நண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் போனது ஒரு இரும்பு வியாபாரியின் கைங்கரியத்தைப் பார்க்க.

அவர் பெயர் ஈனாக் பிராட். 1808இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பாஸ்டனில் ஒரு இரும்புக் கடையில் தொழில் பழகி, 1831இல் பால்டிமோருக்கு வந்து ஆணி, குதிரை லாடம் என்று மொத்த வியாபாரம் தொடங்கினார். பிற்பாடு வங்கித் தலைவர், நகராட்சியின் நிதி ஆணையர் என்று ஊரில் பெரிய மனிதரானார். 1837இல் மரியா லூயிசா ஹைடை மணந்தார். பிள்ளைகள் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து சார்ல்ஸ் தெருவில் தெற்கே நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே மவுன்ட் வெர்னன் சதுக்கம், நடுவில் வாஷிங்டன் நினைவுத் தூண். பக்கத்து மான்யுமென்ட் தெருவில் பிராட் தம்பதி வாழ்ந்த செங்கல் வீடு இன்னும் நிற்கிறது. இப்போது அது மேரிலாந்து வரலாற்று மையத்தின் ஒரு பகுதி.

சதுக்கத்தின் ஓரத்திலேயே பீபாடி நூலகம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஐந்து அடுக்காக வார்ப்பிரும்புக் கிராதிகள், அவற்றுக்குப் பின்னால் கூரைவரை புத்தகங்கள். பீபாடி நிறுவனத்துக்கு நெடுங்காலம் பொருளாளராக இருந்தவர் பிராட். ஆனால் அந்தப் புத்தகங்களை அங்கேயே உட்கார்ந்து படிக்கத்தான் முடியும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறவனுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வி, வீட்டுப் பக்கத்திலேயே இதைத் தினமும் பார்த்த பிராட்டுக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1882இல் அவர் மேயருக்கும் நகர மன்றத்துக்கும் ஒரு கடிதம் எழுதினார். அதில் உள்ள கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மைய நூலகக் கட்டடத்தை அவரே கட்டித் தருவார். அதற்கு மேல் 8,33,333 டாலர் ரொக்கம். கைமாறாக, நகரம் ஆண்டுதோறும் 50,000 டாலரை நூலகத்துக்கு என்றென்றைக்கும் கொடுத்துவர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஆறு சதவீத வட்டி. வாரிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாமல், தான் போன பிறகும் புத்தகம் வாங்கக் காசு வந்துகொண்டே இருக்க வழி செய்தார். அம்பது வருஷம் பேரேடு பார்த்த கை அது!

யாருக்கு நூலகம் என்பதையும் தெளிவாகச் சொன்னார்: ஏழை, பணக்காரர் எல்லோருக்கும், இனமோ நிறமோ பார்க்காமல். புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தந்தால் போதும். அடிமை முறை ஒழிந்து இருபது ஆண்டுகூட ஆகாத மேரிலாந்தில் எழுதிய வரி இது. 1886இல் மைய நூலகமும் நான்கு கிளைகளும் திறந்தன. ஊர் ஊராக நூலகம் கட்டிய ஆண்ட்ரூ கார்னகி, தமக்கு வழிகாட்டி பிராட்தான் என்று சொல்லியிருக்கிறார்.

கதீட்ரல் தெருவில் இருக்கும் இன்றைய மையக் கட்டடம் 1933இல் எழுந்தது. வாசலில் படிக்கட்டே இல்லை. துணிக்கடைபோல் நடைபாதையை ஒட்டிப் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே புத்தகங்கள் காட்சிக்கு. நடக்கிற நடையிலேயே உள்ளே நுழைந்துவிடலாம். குழந்தைகள் பிரிவில் ஒரு சின்ன மீன் குளம். அதன் விளிம்பில் முழங்கையை ஊன்றி ஒரு பையன் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்று பாறைக்கு அடியில் ஒளியும், அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். அவன் அம்மா கையில் ஏழெட்டுப் படப் புத்தகங்களோடு பொறுமையாக நின்றாள்.

பிராட் எழுதிய வரியை அவர் நூலகமே முழுசாகக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவருக்குப் புத்தகம் கொடுத்த அதே நிறுவனம், நூலகர் பயிற்சியில் அவர்களைச் சேர்க்க மறுத்தது. லூயிஸ் கெர் என்ற பெண் வழக்குப் போட்டார். 1945இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கடிதத்தை எழுதியவர் பிராட் என்றால், அதற்கு உயிர் கொடுத்தவர் கெர். இந்த ஊரில் பிராட் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கெர் பெயரையும் சேர்த்தே சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

மதியத்துக்கு மேல் பஸ் பிடித்து, ஊரின் கேன்டன் பகுதியில் உள்ள கிளை நூலகத்துக்குப் போனேன். 1886இல் திறந்த கிளைகளில் இன்றும் நூலகமாகவே இயங்குவது இது ஒன்றுதான். வரிசை வீடுகளுக்கு நடுவே சின்னச் செங்கல் கட்டடம். உள்ளே ஒரு பாட்டி துணிப் பையிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைக் கையால் துடைத்து, மேஜைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, காலிப் பையை மடித்து இடுக்கிக்கொண்டு அடுத்த அலமாரிப் பக்கம் போனார்.