கடக்கரையில ஒரு ஹைமாஸ் லைட்டு வச்ச கதை

பேரூராட்சி மெம்பர்னா என்ன பெரிய வேலை, மாசம் ஒரு கூட்டத்துல போய் கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சிட்டு வாறதுதானேன்னு கேக்கிறவங்க ஒருபாடு பேரு இருக்காங்க. அடுத்த எலெக்ஷன்ல நிக்கலாமான்னு யோசிக்கிற பொம்பளைங்களும் கேக்காங்க. அதனால நாங்க செஞ்ச ஒரே ஒரு வேலையை மட்டும், கரையில ஹைமாஸ்ங்கிற உசரக் கம்பத்து லைட்டு வச்சதை, எடுத்து முதல்ல இருந்து சொல்லுதேன், படிச்சுப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

எங்களுக்கது குமரி மாவட்டத்துல மேக்கால கடக்கரை, கேரளா பார்டருக்கு பஸ்ல போற தூரம்தான். சின்னப் பேரூராட்சி. எனக்க வார்டு பெண்கள் வார்டு, உள்ளாட்சியில பாதி சீட்டு பெண்களுக்குன்னு 2016ல சட்டம் வந்ததால நமக்கெல்லாம் இந்த வாய்ப்பே. அதுக்கு முன்னாடி நான் சுய உதவிக் குழுவுல கணக்கு எழுதிட்டு இருந்தேன். 2022 பிப்ரவரி 19 எலெக்ஷன், மார்ச் 2 பதவியேற்பு, அன்னைக்கு சாயங்காலமே மீன் விக்கிற அக்காமாரு வீட்டு முற்றத்துல வந்து நின்னு கேட்டது இதுதான், "மக்களே, கரையில ஒரு லைட்டு."

அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. சாளை சீசன்ல வள்ளம் விடியக்காலம் மூணு மணி நாலு மணிக்கெல்லாம் கரை ஏறும், அந்த நேரத்துல ஏலம் கூறுவாங்க, பொம்பளைங்க மீன் கூடையைத் தூக்கிட்டு அந்த இருட்டுக்குள்ள நாயும் வலையும் நங்கூரக் கயிறும் கெடக்கிற எடத்துல நடக்கணும். போஸ்ட்ல போட்ட லைட்டு இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல, ஆனா உப்புக் காத்துல பிராக்கெட்டு துருப்பிடிச்சு இத்துப் போயிரும், ஒரு ஆடி மாசம் தாண்டாது.

மெம்பர் நெனைச்சா உடனே லைட்டு வந்துரும்னு ஊரு நெனைக்குது. மெம்பர் செய்ய முடிஞ்சது என்னன்னா மன்றக் கூட்டத்துக்கு அதை ஒரு பொருளா வைக்கச் சொல்லுறது. தலைவர் சரின்னு சொல்லணும், இஓ, அதாவது செயல் அலுவலர், அஜெண்டாவுல ஏத்தணும், கூட்டத்துல தீர்மானம் பாஸ் ஆகணும், அதுக்கப்புறம்தான் பேப்பர் நகரவே ஆரம்பிக்கும். நான் இஓ சார்கிட்ட போய் ரொம்ப நேரம் கடக்கரை கஷ்டத்தை எல்லாம் சொன்னேன், அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு, "எடம் யாருக்குள்ளது?"

இந்தக் கேள்விதான் எல்லா வேலைக்கும் முதல் கேள்வி, இதை எழுதி வச்சுக்கோங்க. ரோடு, ஓடை, கக்கூஸ், தண்ணி டேங்க் எதுவானாலும் சரி. எங்க கரையில ஏலம் கூறுற மேடை பங்குக்குள்ளது, அதாவது கோயிலுக்கு, சர்ச்சைத்தான் நாங்க கோயில்னு சொல்லுவோம். மேடைக்கு அப்புறம் மணல், அது கடல் புறம்போக்கு, வருவாய்த் துறை. நடுவுல வர்ற ரோடுதான் பேரூராட்சிக்குள்ளது. பங்குத்தந்தை நல்ல மனுசன், மேடைப் பக்கத்துல வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாரு, ஆனா சர்க்கார் பணத்துல வைக்கணும்னா எடம் பேரூராட்சி பேருக்கு எழுதி வரணும், கோயில் நெலத்தை எழுதணும்னா அது மறைமாவட்டம் வரைக்கும் போற விசயம். புறம்போக்குல வைக்கலாம்னா விஏஓ ரிப்போர்ட்டு, வருவாய் ஆய்வாளர், தாசில்தார்னு மேல மேல போகணும், அதோட கடல் ஏத்தக் கோட்டுல இருந்து 500 மீட்டருக்குள்ள எதைத் தொட்டாலும் சிஆர்இசட்டுன்னு, கடற்கரை ஒழுங்குமுறை விதி, ஒரு கேள்வி வரும். நாங்க ரோட்டுலயே ஒரு எடம் தேடுனோம். ஆனா ஐஸ் வண்டி திரும்புற ரோடு அது, நடுவுல போஸ்ட் வச்சா வண்டிக்காரன் விட மாட்டான்.

அப்போதான் எங்க ஆபிஸ்ல ஒரு பழைய கிளார்க் அண்ணன் ஒரு விசயம் சொன்னாரு, எஃப்எம்பி, அதான் நிலத்தை அளந்து வரைஞ்ச சர்வே படம், எடுத்துப் பாருங்க மெம்பரே, ரோடு பேப்பர்ல கண்ணால பாக்கிறதை விட அகலமா இருக்கும்னு. சர்வேயர் வந்து செயின் போட்டு அளந்தாரு. அண்ணன் சொன்னதுதான், கிழக்குப் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல ரோடு ஒருத்தருக்க வலை வைக்கிற ஓலைப் பெரைக்கு அடியில இருக்கு. அவரு எனக்கு மாமா முறை. அளவு கல்லை நட்டதும் அவரு மூஞ்சி போன போக்கு இருக்கே, நோட்டீஸ் குடுக்கலாம்னு ஆபிஸ்ல சொன்னாங்க, நான் வேண்டாம் நான் பேசுறேன்னு சொல்லி மாமியை வச்சுப் பேசி, பங்குப் பேரவையில ரெண்டு பெரியாளுகளையும் கூட்டிட்டுப் போய், கடைசியில பெரையை பின்னால தள்ளிப் போட ஓலையும் கம்பும் பையன்மாரு சேந்து குடுத்து முடிச்சோம். சட்டத்துல வழி இருக்கத்தான் செய்யுது, ஆனா கடக்கரையில நாளைக்கும் அவங்க முகத்துலதான் முழிக்கணும்.

எடம் முடிஞ்சா பணம். பேரூராட்சி பொது நிதியில என்ன இருக்குன்னு நான் முதல் தடவை கணக்கு பாத்தப்போ சுய உதவிக் குழு கணக்கே பரவாயில்லன்னு தோணுச்சு. வீட்டு வரி, தொழில் வரி, கடை வாடகை, ஏலக் காசு, அப்புறம் மாநில நிதிக் குழு மானியம். வந்ததும் சம்பளம், தூய்மைப் பணியாளருக்கு கூலி, மோட்டார் ரிப்பேர், கரண்ட் பில்லுன்னு போயிரும். அப்போ மத்திய 15வது நிதிக் குழு பணம் வந்துச்சு, ஆனா அதுல நூத்துக்கு அறுபது குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு பண்ணணும்னு இருந்துச்சு, மீதி நாப்பதுக்கு எல்லா வார்டும் கை நீட்டுச்சு. அதனால எம்எல்ஏ தொகுதி நிதிதான் வழி, வருசத்துக்கு 3 கோடி அவங்களுக்கு, ஹைமாஸ்னா அவங்களும் மறுக்க மாட்டாங்க, திறந்து வைக்கலாம், பேரு எழுதலாம், ராத்திரி தூரத்துல இருந்தே தெரியும்.

ஆனா அதுக்கு ஒரு தீர்மானம் கேப்பாங்க. வச்சதுக்கு அப்புறம் மின் கட்டணமும் பராமரிப்பும் பேரூராட்சியே ஏத்துக்கும்னு. இதுலதான் கூட்டத்துல பெரிய வாக்குவாதம். மூணாவது தடவையா மெம்பரா இருக்கிற ஒரு அண்ணன் எழும்பி, "லைட்டு குடுக்க ஆளு உண்டு, பில்லு கெட்ட ஆளு உண்டா? ஏற்கனவே ஜங்ஷன்ல ஒண்ணு எரியாம நிக்குது, அதுக்கு ஒரு வழி சொல்லிட்டு இதைப் பேசுங்க"ன்னு சொல்லிட்டாரு. எனக்கு ஆதரவா இருந்தவங்க அவரை கடக்கரைக்கு விரோதின்னு சொல்லி சத்தம் போட்டாங்க. எனக்கு அப்படித் தோணல. அந்த மன்றத்துல அன்னைக்கு கணக்கு தெரிஞ்சு பேசினது அவரு ஒருத்தருதான்.

வீட்டுக்கு வந்து நானும் கணக்குப் போட்டேன். 200 வாட்ஸ் பல்பு ஆறு, மொத்தம் 1200 வாட்ஸ், ராத்திரி பன்னிரெண்டு மணி நேரம் எரிஞ்சா தினமும் 14 யூனிட்டுக்கு மேல, மாசம் 430 யூனிட்டு வரும். தெரு விளக்கு ரேட்டுல பெருக்கினா மாசம் மூவாயிரத்தைத் தாண்டும். ஒரு லைட்டுக்கு இது. அடுத்த கூட்டத்துல இதை ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போய் வாசிச்சேன், ராத்திரி பத்துல இருந்து ரெண்டு மணி வரைக்கும் கரையில ஆளு இருக்காது, ரெண்டு சர்க்யூட்டா போட்டு அந்த நேரம் மூணு பல்பை அணைச்சிரலாம், டைமர் அதுக்கு ஏத்த மாதிரி எஸ்டிமேட்லயே சேருங்கன்னு. அதோட எனக்க வார்டுல பாக்கி நிக்கிற வீட்டு வரியை நானே வீடு வீடா போய்ச் சொல்லி கெட்ட வைக்கேன்னும் சொன்னேன். அண்ணன் சிரிச்சிட்டு, பாப்போம்னு சொல்லி கையெழுத்துப் போட்டாரு.

வரி கேட்டுப் போனது தனிக் கதை. அரையாண்டு தொடங்கி முதல் மாசத்துக்குள்ள, அதாவது ஏப்ரல் 30க்குள்ளேயோ அக்டோபர் கடைசிக்குள்ளேயோ கெட்டினா அஞ்சு சதவீதம் தள்ளுபடி, 5000 ரூவா வரைக்கும், இது பாதி வீட்டுக்குத் தெரியவே இல்ல. "லைட்டே இல்ல, வரி எதுக்கு"ன்னு கேட்டவங்க உண்டு, "வரி இல்லாம லைட்டு எப்படி"ன்னு நானும் திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் வந்துச்சு.

அந்த வீடுகள்ல போனப்போ வந்த வேற கேசுகளையும் சொல்லணும், மெம்பருக்கு நெசமான வேலை அதுதான். எங்க பக்கத்துப் பிள்ளைங்க ஒருபாடு பேரு பிரசவத்துக்கு நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம்னு போவாங்க. பிறப்பு எங்க நடந்ததோ அங்கதான் பதிவு, சர்டிபிகேட்டும் அங்க உள்ள நகரசபையோ மாநகராட்சியோதான் குடுக்கும். இது தெரியாம எங்க ஆபிஸ்ல வந்து என் பிள்ளைக்க பேரு கம்ப்யூட்டர்ல இல்லையான்னு சண்டை போடுவாங்க. 21 நாளைக்குள்ள பதிஞ்சா லேட் ஃபீஸ் கிடையாது, ஒரு வருசம் தாண்டினா அதிகாரிக்க உத்தரவு வேணும்னு அலைச்சலா போயிரும், அதனால அந்தப் பக்கம் பிரசவம்னா ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே அப்பா அம்மா பேரு ஸ்பெல்லிங்கை ஆதார்ல உள்ளது மாதிரியே எழுதிக் குடுத்துட்டு வாங்க. பிறகு மாத்தணும்னா திரும்ப அங்கேயேதான் போகணும்.

சரி லைட்டுக்கு வாறேன். எஸ்டிமேட் போட்டு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி எல்லாம் வாங்கி டெண்டர் விடுற நேரத்துல 2024 மார்ச் 16 பார்லிமென்ட் எலெக்ஷன் அறிவிச்சுட்டாங்க. உடனே தேர்தல் நடத்தை விதி வந்துரும். தொடங்கின வேலை ஓடும், தொடங்காதது ஓடாது. ஜூன் ஆறு வரைக்கும் ஃபைல் மேசையிலேயே இருந்துச்சு. அது முடிஞ்சா எங்களுக்கு ஆனி ஆடி, கடல் ரோட்டுல ஏறி மணலைக் கொண்டு வந்து குவிச்சிட்டுப் போகும், அந்த மணலை ஜேசிபி வச்சு அள்ளுறதே அந்த ரெண்டு மாசம் பேரூராட்சிக்கு முக்கிய வேலை. இப்படியே வெயிட் பண்ணி வெயிட் பண்ணி அக்காமாரு என்னைப் பாத்தாலே சிரிக்க ஆரம்பிச்சாங்க. பார்டருக்கு அந்தப் பக்கம் கேரளாவுல பொழியூர்ல கெட்டிக் குடுத்த எனக்க தங்கச்சி வேற, எங்க பஞ்சாயத்துல இப்படியா, 1996ல இருந்து மக்கள் திட்டம்னு ஃபண்டே நேரா வருது, கிராம சபையில வச்சு எழுதுவாங்கன்னு பீத்திக்கிட்டா. அவ சொல்றதுல பாதி உண்மை, அங்க லோக்கல் பாடிக்கு பணம் கூடுதல்தான். ஆனா அங்க உள்ள கடக்கரையும் நான் பாத்திருக்கேன், கடல் ரோட்டை எடுத்துட்டுப் போனா அவங்களும் எங்களை மாதிரி கலெக்டர் ஆபிஸ் வாசல்லதான் நிக்காங்க.

வேலை தொடங்கினது மழைக்கு முன்னாடி. மணல்ல குழி எடுத்தா பக்கம் பக்கமா இடிஞ்சு விழும், கடல் ஏத்தம் வந்தா அடியில தண்ணி ஊறும், அதனால கடல் வத்துற நேரத்துல வந்து வெட்டி ஒரே நாள்ல கான்கிரீட் போடணும்னு ஊருப் பெரியாளுக சொன்னாங்க. காண்ட்ராக்டருக்க ஆளு கேக்காம அவனுக்க நேரத்துக்கு வந்தான், குழி இடிஞ்சுது, அடுத்த தடவை கேட்டான். இன்னொண்ணும் பெரியாளுக சொன்னாங்க, லைட்டு கடலைப் பாத்து அடிக்கக் கூடாது, வள்ளத்துல இருந்து கரை ஏறும்போது வெளிச்சம் கண்ணுல அடிச்சா அலை ஒடையுறது தெரியாதுன்னு. எஸ்டிமேட்ல ஆறும் வட்டமா எல்லாப் பக்கமும் பாத்து இருந்துச்சு. இன்ஜினியர் சார் முதல்ல முடியாதுன்னாரு, பிறகு ஒரு வயசான வள்ளக்காரர் அவரை ராத்திரி கரையில கூட்டிட்டுப் போய் நிப்பாட்டிக் காட்டினதும் கடல் பக்கம் உள்ள ரெண்டையும் நல்லா கீழே சாச்சு மாட்டச் சொல்லிட்டாரு.

எரிஞ்சுது. திறப்பு விழாவுல எல்லாரும் பேசினாங்க, சர்வேயர் பேரையும் கிளார்க் அண்ணன் பேரையும் யாரும் சொல்லல.

ஒரு ஆடி தாண்டினதும் நாங்க பயந்தது நடந்துச்சு. போஸ்ட்டுக்கு கீழே ஒரு கதவு இருக்கும், உள்ள வின்ச்சு, பல்பு வளையத்தை மேல கீழே ஏத்தி இறக்குற ஒயர் ரோப்பு, கரண்டைத் தானா வெட்டுற எம்சிபி சுவிட்சு, டைமர் எல்லாம் அதுக்குள்ளதான். கதவு இடுக்கு வழியா உப்பும் மணலும் உள்ள போய் எம்சிபி பச்சை பிடிச்சுப் போச்சு, ரெண்டு பல்பு எரியல, வளையத்தை இறக்கலாம்னா வின்ச்சு சுத்தல. காண்ட்ராக்டர் போனை எடுக்கல. இங்கதான் அந்த மூணு தடவை மெம்பர் அண்ணன் உதவினாரு. பில்லுல பிடிச்சு வச்ச வைப்புத் தொகையை இன்னும் திருப்பிக் குடுக்கல, உத்தரவாத காலமும் முடியலேன்னு ஃபைல்ல காட்டி, ரிப்பேர் பண்ணலேன்னா அந்தக் காசுல பேரூராட்சியே பண்ணிக்கும்னு இஓ சார் வழியா லெட்டர் போட வச்சாரு. லெட்டர் போன வாரமே ஆளு வந்துட்டான், கதவுக்கு ரப்பர் பீடிங் போட்டு, ரோப்புக்கு கிரீஸ் அடிச்சு, எம்சிபியை மேல ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாத்திட்டுப் போனான்.

அதுக்கப்புறம் கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டோம், கடக்கரையில உள்ள எல்லா லைட்டுக்கும் வருசா வருசம் ஆனிக்கு முந்தி ஒரு சர்வீஸ், பொது நிதியில அதுக்குன்னு கொஞ்சம் பணம் தனியா. இந்தப் பொருளை வச்சது அண்ணன், வழிமொழிஞ்சது நான். ஜங்ஷன்ல எரியாம நின்ன பழைய லைட்டையும் இதுலயே சேத்துட்டோம்.

இப்போ அக்காமாருக்கு அடுத்த கம்ப்ளைன்ட், காலையில அஞ்சு மணிக்கே லைட்டு அணைஞ்சு போகுதாம், மார்கழியில அது பத்தாதுன்னு. அதுக்கு தீர்மானம் வேண்டாம், எலக்ட்ரீசியன் வந்து டைமர்ல ஒரு மணி நேரம் கூட்டினா போதும், திங்கக்கிழமை வாறேன்னு சொல்லியிருக்கான்.