மண்ணுக்குள் இருந்த குத்துவிளக்கைத் துலக்கிய கதை

2009 தை மாதம் போர் நெருங்க, கிளிநொச்சித் தருமபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கை உரப்பையில் சுற்றி முருங்கையடியில் புதைத்துவிட்டுப் போனோம். மீளக்குடியேறிய பிறகும் உடனே தோண்டவில்லை. கண்ணிவெடி அகற்றுபவர்கள் வளவைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மண்வெட்டியைக் கையில் எடுத்தோம். அப்படியும் முதலில் வந்தவை துப்பாக்கி ரவைக் கோதுகள். அவையும் பித்தளைதான், அதே பச்சைக் களிம்புதான். வெற்றுக்கோது எது, வெடிக்காத ரவை எது என்று மண்ணுக்குள் தெரியாது. தொடாமல் விலகி நின்று அறிவித்தோம். யாரும் இதில் துணிச்சல் காட்டக்கூடாது.

பிறகு தோண்டியெடுத்த விளக்கின் பாகங்கள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. முறுக்கினால் புரி உடைந்துவிடும். பொருத்துகளில் தேங்காயெண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்தேன். மூன்றாம் நாள் சுடுநீர் ஊற்றியபோது தண்டு மெல்ல அசைந்தது. கிணற்றடியில் நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேங்காய்ப் பொச்சால் மண்ணைக் கழுவி, பழப்புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கல்லுப்புச் சேர்த்துப் பூசினேன். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். ஆனால் பூசிவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். எண்ணெய்த் தட்டை அரைநாள் ஊறவிட்டேன், அது இளஞ்சிவப்பாகிவிட்டது. பித்தளையில் செம்பும் நாகமும் (துத்தநாகம்) உண்டு. நாகம் கரைந்துபோக, செம்பின் நிறம் மேலே வந்துவிடுகிறது. துணியில் சலித்த உமிச்சாம்பலால் ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்த பிறகே மஞ்சள் திரும்பியது. மற்றப் பாகங்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுவிப் பார்த்தேன்.

அயலில் ஒருவர் அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் கொண்டுவந்தார். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் மகன் தடுத்துவிட்டான். பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக் கோதுகள் கீறல் விட்டுப் பிளந்தனவாம். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. தட்டி நீட்டிய பித்தளைக்குள் அழுத்தம் தங்கியிருக்கும். அமோனியா பட்டால் அங்கேதான் பிளக்கும். முருங்கையடியில் கண்ட கோதுகளை நினைத்தபடி அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, வெயிலில் காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். புளி சிறிது தங்கினாலும் மறுநாளே கறுக்கும். பாகங்களை இறுக்காமல் திருகிப் பூட்டினேன். வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று அம்மாவே திரி போட்டார்.