யானைகள் நீந்திப் போகும் தீவு

"துமேலா ம்மா" என்றார் எங்கள் வழிகாட்டி. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் வணக்கம் சொல்வது அப்படித்தான். பெண்களிடம் பேசும்போது 'ம்மா' சேர்ப்பது மரியாதை, ஆண்களுக்கு 'ர்ரா'. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் 'ம்மா' என்று கூப்பிட்டது காதுக்கு இதமாக இருந்தது.

முந்தைய நாள்தான் சாம்பியாவின் லிவிங்ஸ்டனிலிருந்து கசானே என்ற இந்தச் சின்ன ஊருக்கு வந்திருந்தோம். வழியில் ஜாம்பேசி ஆற்றின் மேல் கசுங்குலா பாலம், 923 மீட்டர் நீளம். 2021-ல் அது திறக்கும்வரை லாரிகள்கூட மிதவையில்தான் ஆற்றைக் கடந்தன. பாலம் நேராக இல்லாமல் வளைந்து போகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஜிம்பாப்வே எல்லையைத் தொடக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம், விடியற்காலை. திறந்த ஜீப்பில் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியும் பல் தந்தியடித்தது. போகிறவர்கள் குல்லாவும் கையுறையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். சோபே தேசியப் பூங்காவின் செடுடு வாசல் வழியாக நுழைந்து, மணல் பாதையில் சோபே ஆற்றை நோக்கி இறங்கினோம். இம்பாலா மான்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. முறுக்கிய கொம்போடு ஒரு கூடு மான், பாபூன் குரங்குகள், ஓடிக்கொண்டே இருக்கும் கினிக்கோழிகள். சிங்கத்தின் கால்தடம் மணலில் பதிந்திருந்தது, சிங்கம் கண்ணில் படவில்லை. பரவாயில்லை. நான் வந்தது யானைக்காக.

உலகிலேயே மிக அதிக யானைகள் உள்ள நாடு போட்ஸ்வானா, சுமார் 1,30,000. ஆனால் காலையில் நாங்கள் பார்த்தது நான்கைந்துதான். "மதியத்துக்கு மேல் பாருங்கள் ம்மா" என்றார் வழிகாட்டி. காரணத்தையும் அவரே சொன்னார். மழைக்காலத்தில் உள்காட்டுக் குட்டைகளில் தண்ணீர் இருக்கும், யானைகள் அங்கேயே தங்கிவிடும். மே மாதத்துக்குப் பிறகு குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றிவிடும். அப்போது அந்தப் பக்கத்துக் கூட்டங்களுக்கெல்லாம் மிஞ்சுவது இந்த ஆறுதான். மழைக்கு செட்ஸ்வானா மொழியில் 'புலா' என்று பெயர். அந்த நாட்டுப் பணத்துக்கும் அதே பெயர்தான். அந்தக் காய்ந்த காட்டைப் பார்த்த பிறகு, ஏன் அப்படி வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று மணிக்குப் படகில் ஏறினோம். சரி, இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சோபேக்குப் போய் ஜீப்போடு திரும்பிவிடாதீர்கள். ஜீப்பில் நாம் மிருகத்தைக் கொஞ்சம் மேலிருந்து பார்க்கிறோம். படகிலோ நம் கண் யானையின் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகிறது. இன்ஜினை நிறுத்திவிட்டால் அவை தண்ணீர் உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்கும்.

கரையோரம் நீர்யானைகள் கண்ணையும் காதையும் மட்டும் வெளியே வைத்துக் கிடந்தன. ஒன்று மூழ்கினால் போதும், வழிகாட்டி படகைத் தள்ளிக் கொண்டுபோய்விடுவார். அந்த விஷயத்தில் அவர் விளையாடவே இல்லை. முதலை ஒன்று வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தது. நம் ஊர்க் குளங்களில் பார்க்கும் அதே கருப்பு வெள்ளை மீன்கொத்தி இங்கும் அந்தரத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாகத் தண்ணீரில் விழுந்தது. அதைப் பார்த்ததும் மனசு துள்ளியது.

ஆற்றின் நடுவே செடுடு தீவு. புல் மட்டுமே வளரும் தட்டையான நிலம், வெள்ளக் காலத்தில் பெரும்பகுதி மூழ்கிவிடும். அக்கரையில் உள்ள நமீபியா இதைக் கசிகிலி என்கிறது. அன்று இரு கரைகளையும் தங்கள் பிடியில் வைத்திருந்த பிரிட்டனும் ஜெர்மனியும் 1890-ல் செய்த ஒப்பந்தம், ஆற்றின் முதன்மைக் கால்வாயே எல்லை என்றது. ஆறோ தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிகிறது. எது முதன்மை? இரு நாடுகளும் சர்வதேச நீதிமன்றம்வரை போயின. வடக்குக் கால்வாய்தான் என்று 1999 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, தீவு போட்ஸ்வானாவுக்கு. இரு நாட்டுப் படகுகளும் இரண்டு கால்வாய்களிலும் போகலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

அந்தத் தீவின் புல்லுக்காகத்தான் யானைகள் கரையில் கூடியிருந்தன. நாற்பதுவரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். தந்தம் இருந்தால் ஆண் என்று பழகிய கண் எனக்கு. இங்கே குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் தந்தம். முதலில் பெரிய பிடி இறங்கியது. பின்னால் மற்றவை. ஆழம் வந்ததும் உடல்கள் மறைந்து, தும்பிக்கைகள் மட்டும் மேலே நீண்டு மூச்சு வாங்கியபடி நகர்ந்தன. நடுவில் ஒரு குட்டி. அதன் தும்பிக்கை அடிக்கடி காணாமல் போனது, ஒவ்வொரு தடவையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பெரிய யானைகள் இருபுறமும் ஒட்டியே நீந்தின.

அக்கரைச் சேற்றில் குட்டி ஏற முயன்று வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பின்னால் வந்த யானை நெற்றியால் முட்டி மேலே தள்ளியது. குட்டி எழுந்து நின்று, காதை ஒரு தடவை விசிறிவிட்டுத் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த வழிகாட்டி, அப்புறம்தான் இன்ஜினைக் கிளப்பினார்.