வாசகம் நீக்கிய விளம்பரங்கள்

அமெரிக்கக் கலைஞர் ஹாங்க் வில்லிஸ் தாமஸ், 1968 முதல் 2008 வரை கறுப்பினத்தவரைக் காட்டியோ குறிவைத்தோ வெளிவந்த பத்திரிகை விளம்பரங்களில் ஆண்டுக்கு இரண்டைத் தெரிந்தெடுத்து, வாசகங்களையும் நிறுவனச் சின்னங்களையும் கணினியில் அழித்துவிட்டு, எஞ்சிய படங்களை மட்டும் ‘அன்பிராண்டட்’ என்ற வரிசையாகக் காட்சிக்கு வைத்தார். விற்ற பொருள் எது என்பது மறைந்தவுடன், அதை விற்பதற்காக மனிதர்களை எப்படியெல்லாம் கற்பனை செய்தார்கள் என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

2003-இல் அவர் உருவாக்கிய ‘பிராண்டட் ஹெட்’ (‘குறியிட்ட தலை’) இன்னும் கூர்மையானது. ஒரு கறுப்பின ஆணின் மழித்த தலை. அதன் பக்கவாட்டில், சூடுபட்டுப் புடைத்த தழும்பாக நைக்கி சின்னம். அடிமைகளின் உடலில் உடைமையாளர்கள் பொறித்த சூட்டுக்குறியையும் இன்றைய விளையாட்டுச் சந்தையையும் ஒரே தோலின்மேல் வைத்துக் காட்டும் இப்படத்துக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் என்னை நிலைகுலையச் செய்தது ‘பிரைஸ்லெஸ்’ என்ற படைப்புதான். 2000-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட தம் உறவினரின் இறுதிச் சடங்குப் புகைப்படத்தின்மீது, பொருள்களின் விலைகளை அடுக்கி, கடைசி ஒன்றை மட்டும் ‘விலைமதிப்பற்றது’ என்று முடிக்கும் மாஸ்டர்கார்டு கடன் அட்டை விளம்பரங்களின் அதே பாணியில் அவர் ஒரு விலைப்பட்டியலை எழுதினார்: கோட்டு சூட்டு 250 டாலர், தங்கச் சங்கிலி 400 டாலர், துப்பாக்கிக் குண்டு 60 சென்ட். பட்டியலின் கடைசி வரியான, உங்கள் மகனுக்கேற்ற சவப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பது மட்டும், அந்த விளம்பரங்கள் சொல்வதுபோலவே, விலைமதிப்பற்றது.