எஸ்.ஏ.டி. 1550, ஹோம்வொர்க் பூஜ்யம்

பெரியவன் கல்லூரிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வருடம் இதே நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது ஆறிவிட்டது, எழுதலாம். அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸுக்கு வடக்கே குடியிருக்கும் நம் ஆட்கள் பல பேர் வீட்டில் இதே மாதிரி ஒரு பிள்ளை இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத்தேர்வு எஸ்.ஏ.டி.யில் 1600க்கு 1550. கல்லூரி அளவுப் பாடங்களுக்குப் பள்ளியிலேயே எழுதும் ஏ.பி. தேர்வுகளில் கால்குலஸ் பி.சி., இயற்பியல், கணினி அறிவியல் மூன்றிலும் 5க்கு 5. ஆனால் பள்ளி வகுப்பு மதிப்பெண்களின் சராசரியான ஜி.பி.ஏ. 4க்கு 3.1. மே மாதம் கால்குலஸ் தேர்வில் 5 வாங்கியவனுக்கு, அதே பாடத்தில் வகுப்பு மதிப்பெண் 78.

பள்ளியின் ஆன்லைன் மதிப்பெண் பக்கத்தைத் திறந்தால் காரணம் வரிசையாகத் தெரியும். 97, எம், எம், 98, எம், 100, எம். சிவப்பு எழுத்தில் அந்த ‘எம்’ இருந்தால் வேலையைக் கொடுக்கவில்லை என்று பொருள். கொடுக்கும் வரை அது பூஜ்யம். நான்கு வருடம் இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன். சிலர் மாத்திரை போடுவது போல.

“டெஸ்ட்ல 98 வந்துருச்சுல்லப்பா? அப்புறம் எதுக்கு அதே கணக்க இன்னும் முப்பது தடவ போடணும்?” என்பான்.

நியாயமாகப் பார்த்தால் நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போட முடியவில்லை. 1998இல் பெரியகுளத்தில் நானும் இதே கட்சிதான். வேதியியல் ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாள் வரை முடிக்காமல், பக்கத்துப் பையனிடம் கடன் வாங்கி ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதி, அப்படியும் பாதிதான் முடிந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 871. வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொல்லலாம், அந்த அளவுக்குத் துக்கம். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் சுருக்கினால் 200க்கு 149. ஆனால் அப்போது பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இருந்தது, அதற்கு 100. அதில் 88 வாங்கினேன். மொத்தம் 300க்கு 237. அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங், என் முறை வந்தபோது எங்கே இடம் மிச்சம் இருந்ததோ அதில் ஒன்றைச் சொன்னேன், கையில் காகிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பிளஸ் டூவில் ஏன் குறைந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்த நுழைவுத்தேர்வை 2007இல் எடுத்துவிட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி என்பது என் கருத்தும்கூட. ஆனால் என்னைக் கரை சேர்த்தது அதுதான். ஆகவே ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் தூக்கிவிடும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

2024 தொடக்கத்தில் செய்தியும் அதற்குத் தோதாக வந்தது. கொரோனாவின்போது எஸ்.ஏ.டி. கட்டாயமில்லை என்று விட்ட கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கேட்கத் தொடங்கின. எம்.ஐ.டி. (குரோம்பேட்டை அல்ல, பாஸ்டன் பக்கத்தில் இருப்பது) 2022லேயே ஆரம்பித்துவிட்டது. 2024 பிப்ரவரியில் டார்ட்மத், மார்ச்சில் பிரௌன், ஏப்ரலில் ஹார்வர்டும் கால்டெக்கும். எங்கள் மாநிலத்து யு.டி. ஆஸ்டினும் (டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம்) மார்ச்சில் அறிவித்தது. மதிப்பெண்ணைக் காட்டிச் சேர்ந்த மாணவர்கள், காட்டாமல் சேர்ந்தவர்களைவிட முதல் பருவத்தில் 0.86 புள்ளி கூடுதல் ஜி.பி.ஏ. எடுத்தார்கள் என்று கணக்கும் சொன்னார்கள். அந்த 0.86ஐ நான் எத்தனை பேருக்கு அனுப்பினேன் தெரியுமா! பையன் ஜெயித்துவிட்டான் என்றே நினைத்தேன்.

எனக்கு உறைக்காமல் போனது ஒன்று. எஸ்.ஏ.டி. திரும்பி வந்தது ஜி.பி.ஏ.வுக்குப் பதிலாக அல்ல, அதன்மேல் இன்னொன்றாக. 2024ஆம் ஆண்டுப் பிள்ளைகளில் எஸ்.ஏ.டி. எழுதியவர்கள் 19 லட்சத்துக்கும் மேல். அதில் முதல் ஒரு சதவீதம் என்றாலே 19 ஆயிரம் பேர். எம்.ஐ.டி.யில் முதல் வருடத்தில் மொத்தமே சுமார் 1,100 இடம். 1550 என்பது கதவைத் தட்ட ஒரு கை, அவ்வளவுதான். அந்தக் கை 19 ஆயிரம் பேருக்கு இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் ஹோம்வொர்க்கும் கொடுத்தவர்கள்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பள்ளி கவுன்சலர். கோபமே படாத பெண்மணி. 1250 மதிப்பெண்ணும் 3.9 ஜி.பி.ஏ.வும் உள்ள பிள்ளையைப் பார்த்தால் உழைப்பாளி என்று நினைப்பார்கள், 1550ஐயும் 3.1ஐயும் பார்த்தால் முடியும், ஆனால் செய்யவில்லை என்று நினைப்பார்கள் என்றார். மதிப்பெண் உயர உயர அந்தக் கேள்வியும் பெரிதாகிறதாம். 1550க்குப் பதில் 1350 வாங்கியிருந்தால் அவனைப் பற்றி இவ்வளவு கேள்வி வந்திருக்காது என்று அவர் சொன்னபோது, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டெக்சாஸில் இன்னொரு கூத்து உண்டு. 1997இல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வரும் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். கூட்டம் தாங்காமல் யு.டி. ஆஸ்டினுக்கு மட்டும் தனிச்சலுகை கொடுத்தார்கள். இவன் வருடத்தில் அது முதல் 6 சதவீதம், 2026இல் சேர்பவர்களுக்கு 5. இவன் பள்ளியில் ஒரு வகுப்புக்கு சுமார் 680 பேர், 6 சதவீதம் என்றால் 40 பேர். இவன் இடம் 212. ஆஸ்டினில் டெக்சாஸ் பிள்ளைகளுக்கான இடங்களில் முக்கால் பங்குவரை இந்த வரிசையிலேயே போய்விடலாம். மீதிக் கால் பங்குக்குத்தான் எஸ்.ஏ.டி., கட்டுரை, மற்றதெல்லாம்.

சான் ஹோசேயில் இருக்கும் என் மச்சினன், “கலிபோர்னியாவுக்குப் போடச் சொல்லுங்க மாமா, யு.சி.யில ஒன்பது கேம்பஸ் இருக்கு” என்றான். போய்ப் பார்த்தால் யு.சி. எனும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் எஸ்.ஏ.டி.யைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. 2021இலிருந்து அப்படித்தான். இவனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அங்கே செல்லாது. பிரிட்டனில் ஏ.பி. மதிப்பெண்ணுக்கு நல்ல மரியாதை உண்டு, பள்ளி மதிப்பெண்ணைவிட அதைத்தான் பார்ப்பார்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினாள் என் மனைவி.

அப்புறம் கட்டுரை. இங்கேதான் நான் தலைகுனிய வேண்டிய பகுதி.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. யு.டி. ஆஸ்டின் விண்ணப்பத்திலும், உன் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி உண்டு, விருப்பமிருந்தால் எழுதலாம். கொரோனா என்று எழுதச் சொன்னேன். “நான் அப்ப ஏழாவதுப்பா” என்றான். பிறகு காசு கொடுத்து ஓர் ஆலோசகரைப் பிடித்தோம். ஜூமில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, குடும்பத்தில் ஏதாவது இழப்பு உண்டா என்று கேட்டார். இவன் பத்தாவது படிக்கும்போது என் அப்பா பெரியகுளத்தில் தவறிப்போனார். நானும் இவனும்தான் ஊருக்குப் போனோம், பன்னிரண்டு நாள் இருந்தோம். அதை எழுதுங்கள், நன்றாக வரும் என்றார் ஆலோசகர். நானும் தலையாட்டினேன். எங்கப்பாவை வைத்து.

அழைப்பு முடிந்ததும் பையன் சொன்னான்: “தாத்தா செத்ததுக்கும் என் ஹோம்வொர்க்குக்கும் என்னப்பா சம்பந்தம்? ஒன்பதாவதுலயே நான் குடுக்கலயே.”

அன்றைக்கு ராத்திரி நான் மாடிக்குப் போகவில்லை. அந்த ஆலோசகரோடு அதோடு சரி, மீதிப் பணத்தையும் கேட்கவில்லை.

அவனே எழுதினான். நாலே வரி. “வீட்டுப்பாடம் எனக்குத் தேவையில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். தேவையா இல்லையா என்பது என் முடிவு மட்டும் அல்ல என்று பதினோராம் வகுப்பு இறுதியில்தான் புரிந்தது. ஆகஸ்டிலிருந்து ஒன்றைக்கூட விடவில்லை. ஜனவரியில் பள்ளி அனுப்பும் அரையாண்டு அறிக்கையில் அது தெரியும்.” இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் கவுன்சலர் படித்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

பள்ளி கல்லூரிகளுக்கு அனுப்பும் அந்த அரையாண்டு அறிக்கையைப் பற்றி நிறையப் பெற்றோருக்குத் தெரியாது. நவம்பரில் விண்ணப்பம் போட்டாயிற்று, இனி எல்லாம் ஆண்டவன் கையில் என்று விட்டுவிடுகிறோம். மூன்று வருடம் சரிந்த பிள்ளைக்கு மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவம்தான். இவன் அதில் எல்லாப் பாடத்திலும் 90க்கு மேல் எடுத்தான். எஸ்.ஏ.டி.யை இன்னொரு தடவை எழுதி 1580 ஆக்கலாம் என்று செப்டம்பரில் நான் நச்சரித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைகளில் அவன் ஆங்கிலப் பாடத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான், அதுதான் சரியான வேலை.

ஒன்பது இடத்துக்குப் போட்டான். ஐந்து இல்லை, ஒன்று காத்திருப்புப் பட்டியல், மூன்று உண்டு. இவை தவிர, ஆஸ்டினிலிருந்து கேப் என்ற வாய்ப்பும் வந்தது. முதல் வருடம் யு.டி. குழுமத்தின் வேறொரு வளாகத்தில் படித்து, 30 கிரெடிட்டில் 3.2 எடுத்தால் ஆஸ்டினுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் உறுதியாகக் கிடைப்பது கலைப் பிரிவில்தான், கணினி அறிவியலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றான். நாலு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கிறான். பெயரைச் சொன்னால் நம் குழுவில் யாரும் “ஓ!” என்று இழுக்க மாட்டார்கள், “ஓ” என்று நிறுத்திக்கொள்வார்கள்.

கல்லூரியில் இப்போது அவன் மதிப்பெண்ணை நான் பார்க்க முடியாது. கட்டணம் கட்டுவது நான்தான், ஆனால் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்தப் பதிவு மாணவனுக்குச் சொந்தம், அவன் கையெழுத்து இல்லாமல் காட்ட வேண்டியதில்லை என்பது 1974இலிருந்தே இங்கே சட்டம். முதல் இரண்டு வாரம் ஒன்பது மணி ஆனால் கை தானாகப் போனுக்குப் போகும்.

சின்னவள் இந்த ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு. நேற்று இரவு அவள் பக்கத்தைத் திறந்தேன். உயிரியலில் 96, 100, பக்கத்திலேயே சிவப்பாக ஓர் எம். மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

“அண்ணன் சொல்லிட்டான்பா, எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள், கதவைத் திறக்காமலே.