முழங்கை மடங்கும் வரை

பிறந்த மறுநாள் ராத்திரி துணி மாற்ற வந்த மலையாளி சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். வராந்தாவில் ஏதோ தட்டு விழுந்தது. பையன் திடுக்கிட்டு இடது கையை மட்டும் விரித்தான். வலது கை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை பின்னால் திரும்பிக் கிடந்தது. "இந்தக் கையை இவன் தூக்கவே இல்லையே சேச்சி" என்றார்.

எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. பையன் 4 கிலோ 200 கிராம். தலை வந்தபின் தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் என் கால்களை வயிற்றோடு மடக்கிப் பிடிக்க, ஒருவர் அடிவயிற்றை அழுத்தினார். மற்றதை இங்கே எழுத மனசில்லை. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து இழுபட்டுவிட்டது. எர்ப்ஸ் பால்ஸி என்றார்கள். நல்லவேளை, எக்ஸ்ரேயில் காறை எலும்பு முறியவில்லை. நடுவில் மஞ்சள் காமாலை வேறு. இரண்டு நாள் நீல வெளிச்சத்தில் வைத்தார்கள், இறங்கிவிட்டது.

டிஸ்சார்ஜ் சீட்டில் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. "தானா சரியாயிடும்" என்று வாயால் சொன்னதோடு சரி. என் கணவர் கவுன்டரை விட்டு நகராமல் எழுதி வாங்கினார். பின்னால் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் முதலில் கேட்டது அந்தச் சீட்டைத்தான்.

மும்பையில், பரேலில் பிசியோதெரபி. விரல்களால் கெட்டியாகப் பிடிக்கிறான், அதனால் கீழ் நரம்புகள் தப்பித்திருக்கின்றன என்றார் தெரபிஸ்ட். முதலில் கைக்கு ஓய்வு. பிறகு ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் மூட்டுகளை மெதுவாக அசைக்க வேண்டும். சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "எண்ணெய் போட்டு நல்லா உருவிவிட்டா நாலு நாள்ல நிமிந்துரும்ளா" என்று ஒரு மாலிஷ்காரியிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். இழுபட்ட நரம்பை மறுபடி இழுப்பதா? சண்டை போட்டுப் பயனில்லை என்று, அடுத்த முறை அவளையும் கூட்டிப்போனேன். செம்பூரிலிருந்து ஆட்டோ சயான் வரைதான், அதற்குமேல் டாக்ஸி. தெரபிஸ்ட் அம்மாவின் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து என்னைவிடக் கண்டிப்பு அவள்தான். "மெதுவாப் பிடி, அது என்ன துணியா, பிழியுத!"

மூன்று மாதத்துக்குள் முழங்கை மடங்காவிட்டால் சர்ஜனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தாள். 74ஆம் நாள், பாலுக்கு அழுதுகொண்டிருந்தவன் வலது கையை வாய்க்குக் கொண்டுபோனான். பாதியில் விழுந்தது. மறுபடி கொண்டுபோனான். நான் பால் கொடுக்கப் போனேன். "சித்த பொறுடீ" என்று அம்மா தடுத்தாள்.

இப்போது 14 மாதம். கை காது வரை எழுகிறது, அதற்கு மேல் இன்னும் இல்லை. பரேல் போக்குவரத்து தொடர்கிறது. ஊரிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்டால் இடது கையால்தான் டாட்டா காட்டுகிறான். அதனால் போனை அந்தக் கையில் கொடுத்துவிடுகிறேன்.