சுண்ணாம்புப் பாதம்

முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியாராகச் சேர்ந்து முதல் ஏழெட்டு வருஷம் நான் பார்த்த வேலையை இப்போது நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. காலையில் கோ-கோ டீம், சாயங்காலம் கபடி டீம். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போய்விட வேண்டும், அதுதான் குறி. பி.டி. பீரியடில் டீம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஓடுவார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை நானும் தப்பாக நினைக்கவில்லை, அவர்களும் நினைக்கவில்லை.

ஒருநாள் பந்து உருண்டு மரத்தடிக்குப் போனது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எடுத்தாள். "ஏட்டி, இங்க எறி!" என்று மைதானத்திலிருந்து கத்தினார்கள். அவள் வலது கையை ஓங்கினாள், வலது காலையே முன்னால் வைத்தாள், முழங்கையை மட்டும் அசைத்தாள். பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க, நான் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

அவள் குறளை மடமடவென்று சொல்லுகிற பிள்ளை. 'அ' எழுத அவளுக்குக் கை பிடித்துப் பழக்க ஒருவர் இருந்தார். எறிவதற்குக் கை பிடித்துப் பழக்க ஒருவரும் இல்லை. அந்த வேலைக்காகச் சம்பளம் வாங்குகிறவன் மைதானத்தின் மறுகோடியில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக் கல்லூரியில் இதையெல்லாம் படித்துத்தான் வந்தேன். ஓடுவது, தாண்டுவது, நொண்டுவது போல இடம்விட்டு இடம் போகும் அசைவுகள் ஒரு வகை. வளைவது, திரும்புவது, ஒற்றைக்காலில் நிற்பது என்று உடம்பை நிலைநிறுத்தும் அசைவுகள் இன்னொரு வகை. எறிவது, பிடிப்பது, உதைப்பது, அடிப்பது என்று பொருளைக் கையாளுவது மூன்றாவது. பிள்ளை வளர வளர இதெல்லாம் தானாக வந்துவிடும் என்றுதான் வீட்டிலும் பள்ளியிலும் நினைக்கிறோம். ஓட்டம் ஓரளவு வந்துவிடும். எறிதலும் பிடித்தலும் பழக்கினால்தான் முழுசாக வரும். இதற்கு வாகான வயசு மூன்றிலிருந்து எட்டு வரை. நானோ ஆறாம் வகுப்பில் ஆள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஒன்று, இரண்டாம் வகுப்பிலிருந்தே பார்ப்போம் என்று இறங்கினேன். பாண்டிக் கட்டம் போட்டு நொண்டச் சொன்னேன். பாதிப் பேர் இரண்டாவது கட்டத்திலேயே மறுகாலை ஊன்றினார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது தெருவே இதைக் கற்றுக்கொடுத்தது. பாண்டியில் சில்லைக் குறிபார்த்து எறிய வேண்டும், நொண்ட வேண்டும், ஒற்றைக்காலில் நின்றபடியே குனிந்து எடுக்க வேண்டும். மூன்று வகையும் ஒரே ஆட்டத்தில் வந்துவிடும். கிளித்தட்டில் கோட்டைக் காக்கிறவன் பக்கவாட்டில் ஓடியாக வேண்டும், புகுகிறவன் உடம்பை ஒரு பக்கம் காட்டி மறு பக்கம் நுழைய வேண்டும். கோடை லீவில் நுங்கு வண்டி. கவைக்கம்பால் அதைத் தள்ளிக்கொண்டு சந்து திரும்புவது லேசான காரியம் இல்லை.

இப்போது அந்தத் தெருவில் சிமெண்டு கல் பதித்தாயிற்று, பைக் பறக்கிறது. தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பக்கம் பாதி வீட்டில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. பிள்ளை கண் பார்வையில் உட்கார்ந்திருந்தால்தான் கை ஓடும். "கண்ணு முன்னால இருக்கட்டும் சார், ரோட்டுக்குப் போனா யாரு பார்ப்பா?" என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது? அப்போது பள்ளிக்கூடம்தான் தெருவாக வேண்டும்.

முதலில் பந்தை மாற்றினேன். ரப்பர் பந்து வந்தால் சின்னப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். வலிக்கும் என்ற பயம். பயம் இருக்கும்வரை கண் பந்தைப் பார்க்காது, கண் பார்க்காமல் கை பிடிக்காது. பழைய சேலையைக் கிழித்து, சுருட்டி, நூல் சுற்றித் துணிப்பந்து செய்தோம். மெதுவாக வரும், பட்டாலும் வலிக்காது. ஒரு வாரத்தில் முகங்கள் நேராயின. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தவர்கள் அப்புறம் மெல்ல மெல்ல உள்ளங்கையால் பிடிக்கத் தொடங்கினார்கள்.

எறிதலுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. "வலது கையால் எறிந்தால் இடது காலை முன்னால் வை" என்று சொன்னால் ஏழு வயசுக்குப் புரியாது. எது இடது என்பதிலேயே குழப்பம். சுண்ணாம்புப் பொடியால் தரையில் இரண்டு பாதம் வரைந்தேன். "சார், கிருஷ்ணர் பாதம் மாதிரி இருக்கு" என்றது ஒரு பிள்ளை. அப்படியே வைத்துக்கொண்டோம். பின்பாதத்தில் வலது காலை வைத்து, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய், இடது காலை முன்பாதத்தில் எடுத்து வைத்துக்கொண்டே எறிய வேண்டும். இடது கைக்காரப் பிள்ளைகளுக்குப் பாதத்தை மாற்றி வரைந்தேன். கால் சரியானதும் இடுப்பு தானே திரும்பியது, இடுப்பைத் தொடர்ந்து தோள் வந்தது. 'சொத்'தென்று காலடியில் விழுந்த பந்து சுவரில் 'டப்'பென்று மோதியது. அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். எவ்வளவு பலமாக எறிய முடியுமோ அவ்வளவு பலமாக எறியட்டும் என்று விட்டேன். குறி பார்க்கச் சொன்னால் பிள்ளை உடம்பை இறுக்கிக்கொண்டு மறுபடி முழங்கையால் தள்ளுகிறது. குறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனி ஆடியில் மேல்காற்று அடித்தால் கோடு, பாதம் எல்லாம் புழுதியோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளம். அப்போது வராந்தாவில் செங்கல்லை வரிசையாக வைத்து அதன்மேல் நடப்போம்.

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கேட்பார்கள். முன்பெல்லாம் கொடுத்துவிடுவேன். ஐந்து முதல் பதினேழு வயசு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷம் நல்ல உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. எங்களுக்கு வாரத்துக்கே இரண்டு பீரியட். அதையும் கொடுத்தால் எப்படி என்று இப்போது கேட்கிறேன். சில நாள் மனஸ்தாபம் வரும். வரட்டும்.

டீமை நான் விட்டுவிடவில்லை, சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டேன். பீரியட் எல்லோருக்குமானது. வரிசையில் ஆளுக்கு ஒரு தடவை எறிந்துவிட்டு மற்ற நேரமெல்லாம் நிற்பது கூடாது என்பதற்காக, நாலு பேருக்கு ஒரு பந்து என்று பிரித்துவிடுகிறேன். நல்லவேளையாகத் துணிப்பந்துக்குக் காசு செலவில்லை.

மரத்தடியில் உட்கார்ந்த அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். வலது காலில் பாண்டி முழுக்க நொண்டிவிடுவான். இடது காலில் மூன்று கட்டம் தாண்டாது. இடைவேளையில் யாரும் சொல்லாமலே கட்டத்துக்குப் போய் இடது காலில் மட்டும் நொண்டிப் பார்க்கிறான். நேற்று நாலாவது கட்டத்திலும் அந்த இடது காலையே ஊன்றினான். கோட்டை மிதித்ததாகக் கூட்டாளிகள் சொன்னார்கள், இல்லை என்று சண்டை போட்டான். நான் குனிந்து பார்த்தேன். கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது கால்.